நெல்லையிலிருந்து தென்மலை, பொன்முடி: குழுவாக பைக்கில் மூன்று நாள் மலைச்சுற்று – முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு பேர் சேர்ந்து மலைப்பாதையில் பைக் ஓட்டும்போது ஆபத்து முன்னால் போகிறவருக்குக் குறைவு. விட்டுப்போன தூரத்தைப் பிடிக்க ஆக்சிலேட்டரை முறுக்குகிற கடைசி ஆளுக்குத்தான் அதிகம். நெல்லையிலிருந்து கிளம்பி கேரள மலைப்பகுதியில் உள்ள தென்மலை, பொன்முடி போய்த் திரும்பும் இந்த வழிகாட்டியில் வரும் பாதை, வண்டிச் சோதனை, ஓட்டும் முறை எல்லாமே அந்த ஒரு ஆளை அவசரப்படாமல் வைத்திருப்பதற்காகச் சொல்லப்பட்டவை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆறு வண்டிகள், ஒன்றுக்கொன்று மூன்று நொடி இடைவெளி. அப்படியானால் முதல் வண்டிக்கும் ஆறாவது வண்டிக்கும் இடையே 15 நொடி. கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் இந்த 15 நொடி ஏறத்தாழ 83 மீட்டர். வளைவைத் தாண்டிய முதல் வண்டி 50-க்குப் போய்விட்டால் அதே 15 நொடி 208 மீட்டராக நீண்டுவிடும். ஆறாவது ஆள் இன்னும் வளைவுக்குள் 20-லேயே இருக்கிறார். முன்னால் போனவர்கள் அடுத்த திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள். உண்மையில் அவர் ஒரு நொடிகூடப் பின்தங்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வெறும் ரோடு. அங்கே பதறி முறுக்கினால் அடுத்த வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பாதியில் பிரேக் அடித்து, அகலமாகப் போய் எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் ஒதுங்க வேண்டியதாகிறது.

இதற்கு மருந்து இரண்டு. முதல் ஆள் வளைவைத் தாண்டியதும் வேகம் எடுக்காமல், கண்ணாடியில் இரண்டாவது, மூன்றாவது வண்டிகள் வளைந்து வருவது தெரியும்வரை அதே கியரில் போவது ஒன்று. பாதை பிரிகிற இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் காத்திருப்பார் என்ற உறுதி மற்றொன்று. அந்த உறுதி இருந்தால் முன்னால் போகிறவர் கண்ணில் பட வேண்டிய தேவையே இல்லை. எப்படி என்று பின்னால் வருகிறது.

எப்போது போவது

ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் நடு வரை நல்ல காலம். கார்த்திகை முதல் தை பிறக்கும்வரை செங்கோட்டை–ஆரியங்காவு பாதை சபரிமலை வண்டிகளால் நிறைந்திருக்கும். இரவெல்லாம் ஓட்டிக் களைத்த டிரைவர்களோடு அந்த மலைப்பாதையைப் பங்குபோடுவது நல்லதல்ல. ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் அழகுதான். ஆனால் தென்காசிக்கு மேற்கே ரோடு நாள் முழுக்க ஈரம், நிழல் விழும் இடங்களில் பாசி. வடகிழக்குப் பருவமழையில் நெல்லைச் சீமையே வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதை 2023 டிசம்பர் காட்டிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடியோடு கோடைமழை இறங்கும். அப்போது போனால் மதியம் இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

நல்ல காலத்துக்கும் ஒரு பொல்லாப்பு உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். இரண்டாம் நாள் வழியில் வரும் குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சருகு. காய்ந்த சருகு மேல் டயர் ஏறினால் பிடிமானம் இல்லை. காலைப் பனியில் நனைந்த சருகோ எண்ணெய் ஊற்றிய மாதிரி. சருகு கிடக்கும் ஓரத்தை விட்டு, வண்டிகள் ஓடித் தேய்ந்த தடத்திலேயே சக்கரத்தை வையுங்கள். சருகின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம்.

எத்தனை பேர், யார் எங்கே

ஆறு வண்டி போதும். எட்டு வண்டிக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து, கால் மணி நேரம் விட்டுக் கிளம்புங்கள். பத்துப் பன்னிரண்டு வண்டி வரிசையாகப் போனால் பின்னால் வரும் பஸ்ஸும் லாரியும் மொத்தமாக முந்த முடியாமல் வரிசைக்குள் புகுந்துவிடும்.

முன்னால் போகிறவர் வேகமாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடி பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். கடைசி வண்டிக்குத்தான் குழுவிலேயே தேர்ந்த ஆள் வேண்டும். மெக்கானிக் வேலை தெரிந்தவர், முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாமான் எல்லாம் அங்கே. அவரை யாரும் பின்னால் விட்டுப் போகக் கூடாது, அவரும் யாரையும் முந்தக் கூடாது. புதிதாக மலை ஓட்டுகிறவர் இரண்டாவது இடத்தில் வரட்டும். பலரும் அவரைக் கடைசியில் விடுகிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அதுதான் இருப்பதிலேயே கடினமான இடம்.

கிளம்பும் முன் பதினைந்து நிமிடம் எல்லாரும் நின்று பேசுங்கள். "அண்ணே, நீங்க போங்க, நான் மெதுவா வாரேன்" என்று யார் வேண்டுமானாலும் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய குழுவாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல முடியாத இடத்தில் ஆள் வம்புக்கு ஓட்டுவார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மது இல்லை என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். இரவில் குடித்தது காலை ஆறு மணிக்கு முழுதாக இறங்கியிருக்காது.

வண்டி: ஒரு வாரத்துக்கு முன்

முந்தின நாள் சர்வீஸுக்கு விடாதீர்கள். சரியாக முடுக்காத போல்ட், மாற்றி மாட்டிய கேபிள் எல்லாம் முதல் நூறு கிலோமீட்டரில்தான் தெரியவரும். ஒரு வாரம் முன்னால் விட்டு, ஊருக்குள் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள்.

பிரேக்கில் இருந்து தொடங்குங்கள். இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, லீவரை அழுத்தினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தாலோ நிறம் தேயிலைத் தண்ணீராக மாறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். செலவு அதிகமில்லை. பிரேக் பேடில் மெட்டீரியல் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் புதிது போடுங்கள். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஷூவைக் கழற்றிப் பார்த்து, தூசு தட்டி, ராடை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதிது போல இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வளைவில் அது பிடிக்காது. பட்டன் ஆழம் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். நெடுஞ்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அது சாயும்போது சட்டென்று விளிம்பில் விழும், வண்டி தள்ளாடும். காற்றின் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு. செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்ம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாக ஓட்ட ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று என்று போட்டிருக்கும். காலையில் வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள்.

செயின் தொய்வு பெரும்பாலான 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவே சரி. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் செயின் இறுகும் என்பதால் மிகவும் டைட்டாக வைக்காதீர்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய். மழையில் ஓடினால் அன்றைக்கே.

கிளட்ச் கேபிளைக் கவனமாகப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கை ஓயாமல் வேலை செய்யும். லீவர் முனையில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அது பாதி வழியில் முழுதாக அறுந்துவிடும். புல்லட்காரர்களின் பழைய வழக்கம் ஒன்று இங்கே கைகொடுக்கும்: புதுக் கேபிளை பழைய கேபிளோடு சேர்த்தே ஓடவிட்டு டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் பத்து நிமிட வேலை.

குழுவுக்குப் பொதுவாக எடுக்க வேண்டியவை: டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் குறைந்தது பத்து ஸ்ட்ரிப்பும், டியூப் வண்டி இருந்தால் அதன் முன், பின் அளவில் ஒவ்வொரு டியூப், கால் பம்ப், ஒவ்வொரு மாடலுக்கும் கிளட்ச் மற்றும் ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் லாக், இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் டை, எம்-சீல், அரை லிட்டர் இன்ஜின் ஆயில். ஸ்பேனர் பெட்டியில் பின்சக்கர ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மற்ற எல்லா ஸ்பேனரும் இருந்து இது மட்டும் இல்லாததால் பஞ்சர் ஒட்ட முடியாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர் வரலாமா? வரலாம். ஏற்றம் பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் அதற்கு இன்ஜின் பிடிப்பு குறைவு, பிரேக் மட்டுமே துணை. வழியில் ஒருமுறை நிறுத்திச் சூடு ஆற்ற வேண்டும் என்று முன்னால் போகிறவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆளுக்கு வேண்டியதும் மூட்டையும்

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், கணுக்கால் மூடும் ஷூ, கையுறை, தடித்த ஜீன்ஸ். விழும்போது கை முதலில் தரையைத் தொடும். உள்ளங்கைத் தோல் உரிந்தால் மூன்று நாள் டூர் அங்கேயே முடிந்தது. பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். கேரளாவில் 2023 ஜூன் முதல் ரோட்டில் உள்ள கேமராக்களே இதைப் பிடித்து அபராதம் அனுப்புகின்றன. சைலன்சர் மாற்றிய வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆரியங்காவு தாண்டி பல இடங்களில் சிக்னல் இருக்காது, அதனால் பேப்பர் நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையில் கனமானது கீழே, சீட்டுக்கு நெருக்கமாக. டெயில் லைட்டைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பை ஏற்றத்தில் முன்சக்கரத்தை இலேசாக்கும். வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். கட்டிய கயிற்றின் வால், பையின் பட்டை, துப்பட்டா, சேலை முந்தானை எதுவும் தொங்கக் கூடாது. சக்கரத்தில் சுற்றினால் நொடியில் பூட்டிவிடும். பின்னால் இருக்கிறவர் வளைவில் ஓட்டுகிறவரின் உள்பக்கத் தோளுக்கு மேலே பார்த்தாலே போதும், உடல் தானாகச் சரியாகச் சாயும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வளையாது.

முதல் நாள்: திருநெல்வேலி – அம்பாசமுத்திரம் – தென்காசி – தென்மலை, ஏறத்தாழ 110 கிலோமீட்டர்

தென்காசிக்கு ஆலங்குளம் வழி நேர்ப்பாதை. ஆனால் லாரி அதிகம், பார்க்க ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்குப் பேட்டை வழியாகக் கிளம்பி பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று தாமிரபரணியை ஒட்டிப் போங்கள். இடது கைப்பக்கம் வயல், அதற்கப்பால் பொதிகைமலை. வளைவுகள் அகலம், ஏற்றம் இல்லை. குழு ஒழுங்கைப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல ரோடு கிடையாது. நெல் காயப்போடும் காலத்தில் ரோட்டில் பாதி நெல்லாக இருக்கும். அதன் மேல் ஏறினால் சறுக்கும், உழவருக்கும் நட்டம். ஆடு, மாடு, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் எட்டு மணிக்கு ரோட்டுக்கு வந்துவிடும், அதற்குள் அம்பாசமுத்திரம் சேர்ந்து காலைச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

நேர்ரோட்டில் இரட்டை வரிசை மாதிரி, ஆனால் ஏறுமாறாக ஓட்டுங்கள்: முதல் ஆள் தன் பாதையின் வலது பாதியில், இரண்டாவது ஆள் ஒரு நொடி பின்னால் இடது பாதியில், மூன்றாவது ஆள் மறுபடி வலது பாதியில். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இருக்கும். 60-ல் போகும்போது ஒரு நொடிக்கு 17 மீட்டர் ஓடிவிடுகிறோம், அதனால் இரண்டு நொடி என்பது குறைந்தபட்சம். அருகருகே ஜோடியாக ஓட்டாதீர்கள். பள்ளத்தை ஒதுக்க இடம் இருக்காது. ஊருக்குள்ளும் வளைவுகளிலும் ஒற்றை வரிசை.

மாஞ்சோலை போகலாமே என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. இந்தச் சுற்றில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி. செங்கோட்டையில் எல்லா வண்டிக்கும் டேங்க் நிரப்புங்கள். கேரளாவில் பெட்ரோல் விலை பொதுவாக நம் பக்கத்தைவிட அதிகம், மலைப்பகுதியில் பெட்ரோல் பங்கும் குறைவு. குழுவின் தூரக் கணக்கு இருப்பதிலேயே சின்ன டேங்கின் கணக்கு. ஐந்து லிட்டர் ஸ்கூட்டர் ஒன்று வந்தால் 150 கிலோமீட்டருக்கு ஒருமுறை எல்லாரும் நிரப்ப வேண்டியதுதான். பிரானூர் பக்கம் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் இழுக்கும். வயிறு நிறையத் தின்றுவிட்டு மலை ஏறினால் தூக்கம் வரும், பாதி வயிறோடு நிறுத்துங்கள்.

புளியரையில் மலை தொடங்குகிறது. கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகள் எஸ் வளைவில் மூச்சு வாங்கி ஏறும், சில அங்கேயே பழுதாகி நிற்கும். கோட்டைவாசல் தாண்டும்வரை முந்தவே வேண்டாம். லாரியின் பின்சக்கரத்துக்கு 15 மீட்டர் தள்ளியே ஏறுங்கள். சில நேரம் ஏற்றத்தில் அது பின்வாங்கும். பழுதான லாரிக்குப் பின்னால் கற்களும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள். கிளையைப் பார்த்த உடனே வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்திப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுங்கள். லாரி போன பிறகும் கல் ரோட்டிலேயே கிடக்கும், கண்ணில் பட்டால் ஓரமாக நிறுத்தி அப்புறப்படுத்திவிட்டுப் போவது எல்லாருக்கும் நல்லது.

ஆரியங்காவு தாண்டியதும் கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம் ரோட்டிலிருந்தே தெரியும். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதையின் பாலம் அது. படம் எடுக்க வளைவிலோ பாலத்துக்கு எதிரே ரோட்டோரத்திலோ ஆறு வண்டியையும் நிறுத்தாதீர்கள். முழு வண்டியும் தார் ரோட்டை விட்டு வெளியே நிற்கும் அகலம் கிடைக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். குரங்குகள் பையைப் பிடித்து இழுக்கும், தீனி போடாதீர்கள். மூன்று மணிக்குள் தென்மலை சேர்ந்து தங்கினால் அணைக்கட்டைப் பார்க்க வெளிச்சம் இருக்கும்.

பாதை பிரியும் இடத்தில் காத்திருக்கும் முறை

முன்னால் போகிறவர் திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்பிலும், அவருக்குப் பின்னால் வரும் இரண்டாவது ஆளுக்குக் கையால் இடத்தைக் காட்டுவார். அந்த ஆள் அங்கே பாதுகாப்பாக ஒதுங்கி நிற்பார், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கைகாட்டுவார். மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் அவர் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் இப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார்.

இந்த முறை நடக்கும்போது யாரும் யாரையும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டாம், வழி தவறவும் முடியாது. விதி ஒன்றே ஒன்று: நிறுத்தப்பட்ட ஆள் கடைசி வண்டி வரும்வரை அசையக் கூடாது, அரை மணி நேரம் ஆனாலும் சரி. பொறுமை இல்லாமல் ஒருவர் கிளம்பிவிட்டால் முறை முழுதும் உடைந்துபோகும். கடைசி வண்டிக்குப் பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் போட்டுவிட்டால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். புதிதாக மலை ஓட்டுகிறவரை இந்த நிற்கும் வேலையிலிருந்து விலக்கி, முன்னால் போகிறவருக்கு அடுத்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது மூன்றாவது ஆள் நிற்பார்.

இரண்டாம் நாள்: தென்மலை – குளத்துப்புழை – பாலோடு – விதுரை – பொன்முடி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர்

தூரம் குறைவாகத் தெரியும். மலையில் நிற்பது, பார்ப்பது சேர்த்து மணிக்கு 25 கிலோமீட்டர்தான் நகர முடியும் என்று கணக்கு வையுங்கள். வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். தென்மலை–குளத்துப்புழை காட்டுப்பாதை, யானை நடமாட்டம் உண்டு. மடத்தறை, பாலோடு வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வளைவுகள் தொடர்ந்து வரும். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் ஒரு வீட்டு வாசல், ஒரு பஸ் நிறுத்தம். வேகம் 40 போதும்.

விதுரையைத் தாண்டி கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி ஏறத்தாழ 1100 மீட்டர். கல்லாறில் வனத்துறை சோதனைச்சாவடியில் கட்டணம் செலுத்திப் போக வேண்டும், மாலையில் மேலே விடமாட்டார்கள். மழையில் மண் சரிந்து பாதையை மூடுவதும் உண்டு, முந்தின நாள் மாலையே தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

இனி வளைவு ஓட்டும் முறை. இதைக் கல்லாறில் தேநீர் குடிக்கும்போது எல்லாரும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.

வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது அல்லது முதல் கியருக்கு வந்து, கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். வளைவுக்குள் கிளட்சைப் பிடித்தால் இன்ஜினின் இழுப்பு போய்விடும். சாய்ந்த வண்டியை நிமிர்த்துவது அந்த இழுப்புதான். அது இல்லையென்றால் மெதுவாக, உள்பக்கமாக, பொத்தென்று விழுவோம். மலையில் விழுகிற பலரும் இப்படித்தான் மணிக்கு பத்துக் கிலோமீட்டரில் விழுகிறார்கள். இலேசாகப் பின் பிரேக்கை மிதித்தபடி, ஆக்சிலேட்டரை மாறாமல் பிடித்திருந்தால் வண்டி அசையாமல் திரும்பும். முன் பிரேக்கைச் சாய்வில் தொடாதீர்கள்.

பார்வை முக்கியம். முன்சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் அங்கேதான் விழுவோம். தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைத் தோளுக்கு மேலே பாருங்கள். கை தானே அந்தப் பக்கம் போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்துக்கே போவோம்.

இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. இடது வளைவில் நாம் உள்பக்கம். அங்கே ஏற்றம் செங்குத்து, மழைநீர் அடித்துவந்த சரளையும் மணலும் அந்த மூலையில்தான் சேரும். அதனால் நம் பாதையின் வலது ஓரத்திலிருந்து நுழைந்து, உள்மூலையைத் தொடாமல் வளையுங்கள். நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். வலது வளைவில் நமக்குச் சுற்று பெரிது, ஓட்டச் சுலபம். ஆனால் இறங்கி வருகிற கார்கள் நம் பக்கமாக வெட்டி வருவது வழக்கம். இடது ஓரத்தை விட்டு நகராதீர்கள், வளைவு முழுதும் கண்ணுக்குத் தெரியும் முன் நடுவுக்கு வராதீர்கள்.

அரசு பஸ் திரும்ப வளைவின் முழு அகலமும் வேண்டும். மேலே ஹாரன் கேட்டாலோ பஸ்ஸின் நெற்றி தெரிந்தாலோ வளைவுக்கு 20 மீட்டர் முன்னாலேயே இடது ஓரத்தில் நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பஸ்ஸின் வாய்க்குள் போகாதீர்கள். ஒவ்வொரு குருட்டு வளைவிலும் ஒரு சின்ன ஹாரன் கொடுங்கள். ஒரு வளைவுக்குள் ஒரே நேரத்தில் குழுவின் ஒரு வண்டி மட்டும் இருக்கட்டும். முன்னால் போகிறவர் வெளியே போன பிறகே அடுத்தவர் நுழைய வேண்டும். முன்னவர் ஏற்றத்தில் ஆஃப் ஆகி நின்றால் பின்னவர் அவர்மேல் மோதாமலிருக்க வேறு வழி கிடையாது.

ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆனால் பதறி இறங்காதீர்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். வலது காலைப் பின் பிரேக்குக்கு மாற்றி, முன் பிரேக்கை விட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். பின்னால் ஆள் இருந்தால் இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள்.

இறக்கத்தில், ஏறியபோது எந்த கியரோ அதே கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை ஆஃப் செய்வதும் உயிரோடு விளையாடுவது. முன் பின் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், தொடர்ந்து உரசவிடாதீர்கள். கருகிய வாடை வந்தாலோ லீவர் மெத்தென்று ஆனாலோ ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். இரவு விதுரைப் பக்கம் தங்கலாம்.

மூன்றாம் நாள்: விதுரை – காட்டாக்கடை – குலசேகரம் – நாகர்கோவில் – திருநெல்வேலி, ஏறத்தாழ 180 கிலோமீட்டர்

ஆரியநாடு, காட்டாக்கடை, வெள்ளறடை, அருமனை வழியாகக் குலசேகரம். திருவனந்தபுரம் நகர நெரிசல் தவிரும். சிறு சந்திப்புகள் மிகுதி, காத்திருக்கும் முறை இங்கேதான் முழுப் பயன் தரும். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலுக்குப் பிறகு நான்குவழிச் சாலை. வளைவு முடிந்துவிட்டது என்று மனம் தளரும் இடம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகள் நிற்கிற காரணமே அங்கே வீசும் காற்றுதான். பக்கத்திலிருந்து திடீரென அடித்து வண்டியை ஒரு அடி தள்ளும். வேகத்தை 60-க்குக் குறைத்து, முன்னால் உள்ளவருக்கு மூன்று நான்கு நொடி விட்டு, ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்து, முட்டியால் டேங்கை இறுக்குங்கள். லாரியை முந்தும்போது அது காற்றை மறைக்கும், அதைத் தாண்டியதும் காற்று மொத்தமாக அடிக்கும். அந்த இடத்துக்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ ஒரு தேநீர் நிறுத்தம் வையுங்கள். வீடு நெருங்குகிறது என்று நிற்காமல் ஓட்டும் கடைசி எண்பது கிலோமீட்டரில் கண் தானாக மூடும்.

யாராவது விழுந்தால்

முதலில் ரோட்டைக் காப்பாற்றுங்கள். ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் வளைவுக்கு 50 மீட்டர் தள்ளி ஓடிப்போய் வண்டிகளை நிறுத்த வேண்டும். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். மூச்சு அடைத்தாலொழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கழுத்தில் அடி இருக்கலாம். இரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸ் 108. சிக்னல் இல்லாவிட்டால் எதிரே வரும் பஸ் டிரைவரிடம் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள், அடுத்த ஊரில் அவர் தகவல் சொல்வார். கைக்குட்டை அளவு காகிதத்தில் ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு போன் எண் எழுதிக் கடைசி வண்டிக்காரரிடம் முன்பே இருக்கட்டும்.

சிறிய விழுதலில் ஆள் எழுந்து "ஒண்ணுமில்ல" என்று உடனே கிளம்பப் பார்ப்பார். பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வண்டியில் ஹாண்டில் கோணியிருக்கிறதா, பிரேக் லீவர் முறிந்திருக்கிறதா, ஆக்சிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கை நடுங்கினால் அன்றைக்கு அவர் பின்னால் உட்கார்ந்து வரட்டும், வண்டியை மற்றொருவர் ஓட்டட்டும்.

வீடு வந்த மறுநாள் செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள், பிரேக் பேடின் தடிமனை அளந்து கிளம்பும் முன் இருந்ததோடு ஒப்பிடுங்கள், ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் தட்டித் தளர்ந்தது எது என்று கேளுங்கள், டயரில் குத்தியிருக்கும் முள்ளையும் ஆணியையும் தேடுங்கள். பொதுச் செலவுக் கணக்கை அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.